கரடி என்ன பாவம் செய்தது?

இலண்டன் மாநகரை அடுத்த எகம் என்னும் ஊரில் ராயல் ஹாலோவே கல்லூரி உள்ளது. அதன் ஓவியக் கூடம் தேர்வு எழுதும் மண்டபமாகவும் பயன்பட்டு வருவது. ஆண்டுதோறும் தேர்வு நாள்கள் வந்துவிட்டால், அக்கூடத்தில் தொங்கும் படங்களுள் ஒன்றன்மீது மட்டும் பெரியதொரு பிரித்தானியக் கொடியைப் போர்த்தி மறைத்துவிடுகிறார்கள். அந்தப் படத்தின் அருகே அமர்ந்து எழுதுபவர் தேறமாட்டார் என்பது மாணவரிடையே வழங்கும் நம்பிக்கை. 1970-களில் ஒரு முறை அங்கே அமர மாட்டேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடிக்க, கல்லூரியார் கைக்குக் கிடைத்த பெரிய கொடியைக் கொண்டுவந்து மூடினராம். அதுவே வழக்கமாகிவிட்டது. பூனை குறுக்கே போனதென்று பயணத்தை நிறுத்தும் நம்மவரை இனி நாம் அதிகம் கடிந்துகொள்வதற்கில்லை.

மூடப்படும் அந்தப் படம் எட்வின் லாண்ட்சீர் என்ற புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் 1864-ஆம் ஆண்டில் மக்கள் பார்வைக்கு வைத்தது. ஏறத்தாழ எட்டடி அகலம் உடையது. பனிப்பாறைகளுக்கிடையே உடைந்த கப்பலின் பாய்மரம் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. ஒரு தொலைநோக்கி, கொடித் துணியின் செந்நிறக் கந்தல், மனித விலா எலும்புகள். இரண்டு பனிக் கரடிகள். ஒன்று துணியைக் கிழித்துக் கொண்டிருக்கிறது. மற்றொன்று எலும்பை வாயில் கவ்வி, தலையை மேலே தூக்கி நிற்கிறது. படத்திற்கு லாண்ட்சீர் இட்ட பெயர், மனிதன் ஒன்றை எண்ணக் கடவுள் வேறாக முடிக்கிறார் என்னும் பொருளுடையது. நம் முன்னோர் வீடுதோறும் வாசித்துவந்த கிறிஸ்துநாதர் அனுசாரத்தின் முதற் புத்தகத்தில் உள்ள கருத்தே அது. ஆகவே அப்பெயர் நமக்குப் புதிதன்று. படந்தான் புதிது.

இப்படத்தின் அச்சுப் பிரதியொன்றைச் சென்ற கோடை விடுமுறையில் நம்மிடம் கொண்டுவந்தவர், நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். சென்னையில் ஓவியம் பயில்பவர். இறுதியாண்டுக்கு எட்டுப் படங்கள் வரைந்து, அவற்றுக்கு ஆதாரமான செய்திகளை ஆராய்ந்து எழுதிய குறிப்பேட்டையும் உடன் வைக்க வேண்டுமாம். அவர் தேர்ந்துகொண்ட பொருள் வடதுருவப் பனிக்கடலும், திமிங்கிலம் தேடியும் புது வழி தேடியும் அக்கடலுக்குள் போன கப்பல்களும். பனியைக் கண்ணாலும் காணாத தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டோம். "வெள்ளையை வரையக் கத்துக்கணும் ஃபாதர். அதுக்கு அதைவிடப் பெரிய இடம் எங்கே இருக்கு?" என்றார். விடை பிடித்திருந்தது. பழைய ஆங்கில நூல்களைக் கட்டுக் கட்டாக அச்செடுத்து வைத்திருந்தார். அந்த நடை அவருக்குக் கடினமாக இருந்தது. குருமடத்தில் நமக்குக் கற்பித்த ஆங்கிலமோ ஏறக்குறைய அந்தக் காலத்தது! எனவே இரண்டு மாதம், மாலைச் செபம் முடிந்தபின், பங்கு இல்லத்துத் திண்ணையில் நாமும் அவரும் சேர்ந்து வாசித்தோம்.

வாசித்தவற்றுள் நம்மை முதலில் நிறுத்தியது வில்லியம் ஸ்கோர்ஸ்பி என்பவரின் நூல். இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்துத் திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர். பத்து வயதிலேயே தந்தையின் கப்பலில் பனிக்கடலுக்குப் போனவர். இருபத்தொன்றாம் வயதில் கப்பலுக்குத் தலைவரானார். பனித்துகள்களின் அறுகோண வடிவங்களைப் பொறுமையாக வரைந்து வைத்தவர். 1820-இல் வடதுருவப் பகுதிகளைப் பற்றி அவர் வெளியிட்ட இரு தொகுதிகள் இன்றும் அறிஞர் போற்றும் நூல். பின்னர் கடலை விட்டு, 1825-இல் ஆங்கிலிக்கன் சபையில் குருவாக அருள்பொழிவு பெற்றார். கப்பல் தளத்திலிருந்து பீடத்துக்கு வந்த மனிதர் என்பதால் நமக்கு அவர்மீது ஒரு தனிப் பரிவு தோன்றியதை மறைப்பானேன்?

அந்நூலில் 1811 ஜூன் மாதத்து நிகழ்ச்சி ஒன்று வருகிறது. அவருடைய எறியீட்டிக்காரர் ஒருவர் பால்குடி மறவாத திமிங்கிலக் கன்று ஒன்றைக் குத்தினார். கன்றில் எண்ணெய் அதிகம் இராது. கன்றைக் குத்தினால் தாய் வரும் என்பதற்காகவே குத்தினார். தாயும் வந்தது. கன்றைத் தன்னோடு அணைத்துக்கொண்டு, படகிலிருந்த கயிற்றில் நூறு பாகத்தை வெகு வேகமாக இழுத்துக்கொண்டு ஓடியது. மீண்டும் மேலே எழுந்து, இங்கும் அங்கும் பாய்ந்து, தன்னைக் காக்கும் எண்ணமே இன்றி அலைந்தது. படகுகள் நெருங்கியபோதும் கன்றை விட்டு அகலவில்லை. ஈட்டிகள் தொடர்ந்து பாய்ந்தன. ஒரு மணி நேரத்துக்குள் மடிந்தது. இதனை எழுதிய ஸ்கோர்ஸ்பி, தாய்மையின் பரிவைக் கண்டபின் அவ்வுயிரை அழிப்பது நெஞ்சை வருத்துவது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் கிடைக்கவிருக்கும் பொருளின் மதிப்பும் வேட்டையின் மகிழ்ச்சியும் இரக்கத்துக்கு இடங்கொடுப்பதில்லை என்பதையும் அடுத்த மூச்சிலேயே எழுதிவிடுகிறார்.

அன்று மாலை நாங்கள் அதற்குமேல் வாசிக்கவில்லை.

அந்த எண்ணெய் எங்கே போயிற்று என்று எண்ணிப் பார்த்தல் தகும். தெருவிளக்குகளில் எரிந்தது. ஆலைகளில் கம்பளியைப் பதப்படுத்தியது. சோப்பாயிற்று. திமிங்கிலத்தின் வாயில் வரிசையாகத் தொங்கும் வளையும் தகடுகள் சீமாட்டிகளின் இடுப்பை இறுக்கும் கச்சைகளுக்குப் போயின. தென்கடல்களில் பிடிபட்ட எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையில் இருந்த வெண்மெழுகோ உலகிலேயே தூய சுடர் தரும் மெழுகுதிரி ஆனது. நல்ல நூல்களும் நல்ல இசையும் அச்சுடரின் ஒளியில் பிறந்திருக்கக் கூடும். நம் பீடங்களில் தேன்மெழுகுத் திரியும், நற்கருணைப் பேழையின் முன் ஒலிவ எண்ணெயும் எரிய வேண்டும் என்பது பழைய திருவழிபாட்டு ஒழுங்கு. அவ்விதி திமிங்கிலத்தை எண்ணி எழுந்ததன்று. ஆயினும், குருமடத்தில் அதனை மனப்பாடம் செய்தபோது சலித்துக்கொண்டவர்களுள் நாமும் ஒருவர் என்பதால், இப்போது அதனை நினைத்துப் பார்த்தோம்.

திமிங்கில வேட்டையையும் துருவப் பயணத்தையும் அந்த இளைஞர் ஏன் ஒரே பொருளாகக் கொண்டார் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. பனிக்கடலின் வழியை முதலில் அறிந்தவர்கள் வேட்டைக்காரர்கள். கிரீன்லாந்துக் கரையோரப் பனி விலகியிருப்பதை 1817-இல் அறிவித்தவர் ஸ்கோர்ஸ்பி. ஆனால் மறு ஆண்டு அரசு கப்பல்களை அனுப்பியபோது, தலைமை கடற்படை அதிகாரிகளுக்கே போயிற்று. பனியை அறிந்தவர் கரையில் நிற்க, பதவியை அறிந்தவர் பயணப்பட்டார். அந்த 1818-ஆம் ஆண்டுப் பயணத்தில் ஒரு கப்பலின் தலைமையேற்றவர் ஜான் ஃபிராங்க்ளின் என்ற இளம் அதிகாரி. லாண்ட்சீரின் படத்தில் கரடிகள் கடிக்கும் எலும்புகள், பல ஆண்டுகளுக்குப் பின் அவரோடு போனவர்களுடையவை.

1845 மே 19 அன்று, ஃபிராங்க்ளின் தம் ஐம்பத்தொன்பதாம் வயதில், எரிபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களோடு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். அமெரிக்கக் கண்டத்தின் வடமுனையைச் சுற்றி ஆசியாவுக்குக் கடல்வழி காண்பது நோக்கம். மூன்றாண்டுக்குப் போதிய உணவு, நீராவிப் பொறி, ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள், அதிகாரிகளின் குலச் சின்னம் பொறித்த வெள்ளிக் கரண்டிகள். எரிபஸ் என்பது கிரேக்கத்தில் பாதாள இருளின் பெயர். டெரர் என்றால் பேரச்சம். இப்பெயர்களைத் தாங்கிய கப்பல்களில் மக்கள் எப்படித்தான் மனமுவந்து ஏறினரோ! ஐவர் வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். மீதி 129 பேர். அவர்களைக் கடைசியாகக் கண்ட ஐரோப்பியர், அதே ஆண்டு ஜூலை இறுதியில் பாஃபின் குடாவில் எதிர்ப்பட்ட இரு திமிங்கில வேட்டைக் கப்பல்களின் மாலுமிகள். அவர்களுக்குக் கையசைத்துவிட்டுப் பனிக்குள் போனவர்கள் போனவர்களே. 1846-இல் இலண்டனில் டர்னர் என்ற மாபெரும் ஓவியர் எரிபஸ் என்ற வேட்டைக் கப்பல் திமிங்கிலம் பிடித்து ஆரவாரிக்கும் காட்சியைப் படமாக வைத்தார். பெயர் ஒற்றுமைதான். அது வேறு கப்பல். ஆரவாரத்தைப் படத்தில் மக்கள் கண்டு களித்த அதே ஆண்டின் செப்டம்பரில் மெய்யான எரிபஸ் கிங் வில்லியம் தீவின் அருகே பனியில் இறுகிப்போயிற்று.

1847 ஜூன் 11-இல் ஃபிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரல் 22-இல் எஞ்சிய 105 பேர் கப்பல்களைக் கைவிட்டு, படகுகளைச் சறுக்குவண்டிகளில் ஏற்றி இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தனர். இவ்வளவும் எரிபஸின் தலைவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஒரு தாளின் ஓரங்களில் நெருக்கி எழுதிக் கற்குவியலுக்குள் வைத்த குறிப்பினால் தெரியவந்தது. 1859-இல்தான் அது கிடைத்தது. நடந்தவர்களுள் ஒருவரும் மீளவில்லை.

ஆனால் 1859-க்கு முன்னரே உண்மை தெரிந்துவிட்டது. தெரிவித்தவர்கள் இனுயிட் மக்கள். அக்காலத்தில் எஸ்கிமோக்கள் என்று அழைக்கப்பட்டவர்கள். கேட்டு எழுதியவர் ஜான் ரே. ஹட்சன் குடா வணிக நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர். இனுயிட் மக்களைப்போலவே உடுத்தி, அவர்களைப்போலவே பனிவீட்டில் தங்கி, நெடுந்தொலைவு நடக்கப் பழகியவர். 1854-இல் அவரிடம் அவர்கள் கூறியது இது: சில குளிர்காலங்களுக்கு முன் ஏறத்தாழ நாற்பது வெள்ளையர் படகொன்றை இழுத்துக்கொண்டு தெற்கே போயினர், மெலிந்திருந்தனர், பின்னர் அவர்களின் பிணங்கள் காணப்பட்டன, உடல்கள் வெட்டப்பட்டிருந்த நிலையையும், சமையற் கலங்களில் இருந்ததையும் கண்டால், கடைசியில் உயிர் தரித்திருக்க அவர்கள் செய்தது இன்னதென்று விளங்கும். சான்றாக வெள்ளிக் கரண்டிகளையும் முட்கரண்டிகளையும் ரே அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கி வந்தார். அவற்றுள் ஃபிராங்க்ளினின் குலச் சின்னமும் இருந்தது.

ரே கடற்படைக்கு அனுப்பிய அறிக்கை அவ்வாண்டு அக்டோபரில் நாளிதழில் வெளிவந்தது. நாடு கொதித்தது. ஃபிராங்க்ளினின் மனைவி ஜேன் அம்மையார் அதை ஏற்கவேயில்லை. கணவரைத் தேடிக் கப்பல்மேல் கப்பலாக அனுப்பிய அந்த அம்மையாரின் துயரத்தை யார் குறை சொல்லவியலும்? ஆனால் அவர் பக்கம் நின்று பேனா எடுத்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். ஏழைகளுக்காகவும் அநாதைச் சிறுவர்களுக்காகவும் எழுதியவர் என்று நாம் பள்ளிப் பாடத்திலிருந்து மதித்துவந்த அதே டிக்கன்ஸ். தம் வார இதழில் டிசம்பர் மாதம் எழுதிய நீண்ட கட்டுரையில், ஆங்கிலக் கடற்படை வீரர் அப்படிச் செய்திருக்கவே மாட்டார்கள் என்றும், காட்டுமனிதரின் சொல் நம்பத் தக்கதன்று என்றும் வாதித்தார். அதோடு நின்றாரா? அந்த எஸ்கிமோக்களே அவர்களைக் கொன்றிருக்கலாம் என்ற ஐயத்தையும் விதைத்தார். ரே அதே இதழில் மறுப்பு எழுதினார். பயனில்லை. கண்டுபிடிப்புக்கான பத்தாயிரம் பவுன் பரிசு ரேயின் குழுவுக்குக் கிடைத்தது. ஆனால் துருவப் பயணத் தலைவர்கள் பலர் பெற்ற சர் பட்டம் அவருக்கு வரவேயில்லை. டிக்கன்ஸோ 1857-இல் நண்பர் வில்கி காலின்ஸோடு சேர்ந்து பனிக்கடலைப் பற்றிய ஒரு நாடகத்தை மேடையேற்றி, தாமே முதன்மைப் பாத்திரமாக நடித்தார். பிறனுக்காகத் தன்னுயிர் தரும் வீரனின் கதை. விக்டோரியா அரசியும் வந்து பார்த்தார். மக்கள் விம்மி அழுதனர் என்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நமக்கும் அந்த இளைஞருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. ஏழாவது படத்துக்கான முன்வரைவை அவர் காட்டினார். பனிவெளியில் கவிழ்ந்த படகு. அதன் நிழலில் மூன்று மனிதர். நடுவே ஒரு கலம். வேறொன்றும் இல்லை. ஆயினும் கதை அறிந்தவர் அதைக் கண்டால் நெஞ்சு நடுங்கும். "இதை விட்டுவிடுங்கள், தம்பி" என்றோம்.

வெறும் அருவருப்பால் அப்படிச் சொல்லவில்லை. குருமடத்தில் கற்ற காரணம் கையில் இருந்தது. பொய் எக்காரணத்தாலும் கூடாது என்பது புனித அகுஸ்தினாரின் கண்டிப்பான போதனை. இதற்கென்றே இரு நூல்கள் எழுதியவர் அவர். புனித தோமாஸ் அக்குயினாரும் அதையே ஏற்கிறார். ஆனால் உண்மையை விவேகத்தோடு மூடி வைக்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைக்கிறார். பொய் சொல்வது வேறு, சொல்லாதிருப்பது வேறு. இறந்தோரின் மானத்தைக் காப்பது பிறரன்புச் செயல். தொடக்கநூலில் நோவா மதுவினால் ஆடை நெகிழ்ந்து கிடந்தபோது, சேமும் எப்பேத்தும் போர்வையைத் தோளில் இட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி நடந்துசென்று தந்தையை மூடினார்கள் அல்லவா? அவர்களைப்போல இருங்கள் என்று சொன்னோம். இவ்வளவு காலம் எத்தனையோ அடக்கச் சடங்குகளில் மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஒருவரைப் பற்றியும் முழு உண்மையைச் சொன்னதாக நினைவில்லை. அதற்காக வருந்தியதும் இல்லை.

இளைஞர் சற்று நேரம் மறுமொழி சொல்லவில்லை. பின்பு லாண்ட்சீரின் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இந்த ஆளும் நீங்க சொன்னதைத்தான் செஞ்சிருக்கார், ஃபாதர். மனுசன் செஞ்சதை மூடிட்டார். ஆனா எலும்புல பல் பட்டிருக்கே, அதுக்கு யாராவது வேணுமே. கரடி என்ன பாவம் செஞ்சது?"

நாம் அன்று விடை சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதே சரி.

அவர் போனபின் தொடக்கநூலின் ஒன்பதாம் அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் படித்தோம். எத்தனையோ முறை படித்த பகுதி. தந்தையை அந்நிலையில் கண்டு வெளியே சொன்னவன் காம். போர்த்தியவர்கள் சேமும் எப்பேத்தும். தெளிந்து எழுந்த நோவா யாரைச் சபித்தார்? காமை அன்று. காமின் மகன் கானானை! கூடாரத்துக்குள் கால் வைத்ததாகக்கூடச் சொல்லப்படாத கானானை. அந்தச் சாபத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிற்காலத்தில் கறுப்பின மக்களை அடிமையாக்கியவர்கள் தங்கள் செயலுக்கு விவிலியச் சான்று காட்டினர். போர்வையை மட்டுமே நினைவில் வைத்திருந்த நமக்கு, போர்வைக்குப் பின் வந்த சாபம் ஏன் உறைக்கவில்லை? சொல்லாதிருத்தல் என்று நாம் பெயரிட்டது பல வேளைகளில் சும்மா இருப்பதில்லை. நடந்தது நடந்துவிட்டது, ஒரு தடயம் கிடக்கிறது. அத்தடயத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். மானமுள்ளவர் பொறுப்பேற்கக் கூடாது என்று நாம் முடிவு செய்துவிட்டால், மானம் இல்லாதவர் என்று நாம் கருதும் ஒருவர்மேல் அது போய் விழுகிறது. டிக்கன்ஸ் எஸ்கிமோக்களைக் காட்டினார். லாண்ட்சீர் கரடிகளைக் காட்டினார். லாண்ட்சீர் அதை அறிந்தே செய்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படம் ஜேன் அம்மையாருக்கு வேதனையாகவே இருந்தது. கண்காட்சிக்குப் போனபோது அதன் பக்கம் திரும்பாமலே சென்றாராம். ஆயினும் கரடிகளை நோக்கி ஒரு நாட்டால் நிற்க முடிந்தது. ரேயின் அறிக்கையை நோக்கி நிற்க முடியவில்லை.

இதில் இன்னும் வருந்தத் தக்கது ஒன்று உண்டு. அம்மாலுமிகள் செய்தது பாவந்தானா? 1972 அக்டோபரில் உருகுவே நாட்டு விமானம் ஒன்று ஆண்டஸ் மலைப் பனியில் விழுந்தது. அதில் இருந்த 45 பேருள் 16 பேர் 72 நாள்களுக்குப் பின் உயிரோடு மீண்டனர். பெரும்பாலும் கத்தோலிக்க இளைஞர்கள். இறந்த தோழர்களின் உடலை உண்டே தாங்கள் பிழைத்ததை அவர்கள் வெளிப்படையாகக் கூறினர். திருச்சபையின் இறையியலார் அதைப் பாவம் என்று சொல்லவில்லை. உயிர் காக்க வேறு வழியே இல்லாதபோது, எவரையும் கொல்லாமல், இறந்தோரின் உடலைக் கொண்டு பிழைப்பது குற்றமாகாது என்பதே விடை. ஃபிராங்க்ளினின் மாலுமிகள் ஒருவரையொருவர் கொன்றார்கள் என்பதற்கும் சான்றில்லை. ஆக, மறைத்தவர்கள் மறைத்தது ஒரு பாவத்தை அன்று, ஒரு துன்பத்தை. பாவமல்லாத ஒன்றை மறைக்கப் போய், அவர்கள் மெய்யான பாவம் ஒன்றைச் செய்தார்கள். உண்மை சொன்ன ஏழை மக்களைக் கொலைகாரர் என்றார்கள். எட்டாம் கட்டளை தடுப்பது இதைத்தான் அல்லவா? பிறருக்கு எதிராகப் பொய்ச் சான்று.

எலும்புகள் பின்னர் தாமே பேசின. கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டவர்கள், அவற்றுள் 92 எலும்புகளில் கத்தியின் வெட்டுத் தடங்களைக் கண்டனர். கரடியின் பற்கள் அல்ல. 2024 செப்டம்பரில் மரபணுச் சோதனையால் ஒரு தாடை எலும்பு இன்னாருடையது என்று உறுதியாயிற்று. அதிலும் வெட்டுத் தடம் இருந்தது. அது அந்தக் குறிப்பை எழுதிக் கற்களுக்குள் வைத்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் அவர்களுடையது. கப்பலின் தலைவர் என்ற தகுதி அங்கே வேற்றுமை செய்யவில்லை. எரிபஸ் 2014-இலும், டெரர் 2016-இலும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பகுதியில்தான் எரிபஸ் கிடந்தது. டெரர் கிடைக்க வழிகாட்டியவர் சாமி கோக்விக் என்ற இனுயிட். ஜான் ரேக்கு இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நினைவுக்கல் வைத்ததும் 2014-இல்தான். ரே 1854-இல் சொன்னார். கூட்டிக் கழித்தால் 160 ஆண்டுகள்.

இனுயிட் மக்களுக்காவது வாய் இருந்தது. திமிங்கிலத்துக்கு? 2007-இல் அலாஸ்காக் கரையில் இன்யூப்பியாட் மக்கள் தங்கள் மரபுப்படி வேட்டையாடிய ஒரு திமிங்கிலத்தின் கழுத்துப் பகுதியில், 1880-ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் செய்யப்பட்ட வெடியீட்டியின் துண்டு புதைந்திருந்தது. நூறாண்டுக்கு மேல் அதைச் சுமந்துகொண்டே நீந்தியிருக்கிறது. ஸ்கோர்ஸ்பி வேட்டையாடியதும் இதே இனம். இருநூறு ஆண்டுகளும் வாழக்கூடிய இனம். இன்று பனிக்கடலில் நீந்தும் முதியவற்றுள் ஒன்று, ஃபிராங்க்ளின் காலத்திலேயே பிறந்திருக்கக் கூடும். இருபதாம் நூற்றாண்டில் மட்டும், வெடிக்கும் ஈட்டியும் மிதக்கும் ஆலைக் கப்பல்களும் வந்தபின், ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. வணிக வேட்டையை நிறுத்தி வைக்கப் பன்னாட்டு ஆணையம் 1982-இல் முடிவு செய்தது. சில நாடுகள் இன்றும் அதற்குக் கட்டுப்படவில்லை.

ஸ்கோர்ஸ்பியை எப்படி மதிப்பிடுவது என்பதில் நாம் இன்னும் தெளிவு பெறவில்லை. கன்றைக் காட்டித் தாயைக் கொன்ற கப்பலின் தலைவர் அவர். ஆனால் அதனை அவர் எவர் தலையிலும் கட்டவில்லை. திமிங்கிலத்தைப் பயங்கர விலங்காக எழுதி, தன் ஈட்டிக்கு நியாயம் தேடவும் இல்லை. தாய் தாயாகவே அவர் நூலில் மடிகிறது. இரக்கம் வந்தது, இலாபம் வென்றது என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நகர்கிறார். ஏழைகளின் நண்பர் டிக்கன்ஸ் செய்யத் தவறியதை ஒரு வேட்டைக்காரர் செய்திருக்கிறார். அதனால் அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்க நமக்குத் தெரியவில்லை. இளைஞர் மட்டும் தம் முதற் படத்தை அந்தத் தாய்க்கும் கன்றுக்குமே ஒதுக்கினார்.

படங்களைக் கல்லூரிக்கு அனுப்புமுன் ஒரு ஞாயிறு, காலைத் திருப்பலிக்குப் பின், எட்டையும் பங்கு மன்றத்தில் வரிசையாகச் சாய்த்து வைத்தார். ஏழாவது படத்தை அவர் மாற்றியிருந்தார். நம் சொல்லுக்காக மாற்றவில்லை என்று முன்னரே கூறிவிட்டார். கலமும் மூன்று மனிதரும் அப்படியே இருந்தனர். ஆனால் இப்போது தொலைவில் தெரிந்தனர். முன்னால் ஓர் இனுயிட் பெண், திறந்த உள்ளங்கையில் ஒரு வெள்ளிக் கரண்டியோடு, நம்மை நேராகப் பார்த்து நின்றாள். எட்டாவது படம் ஏறக்குறைய முழுவதும் வெள்ளை. வெள்ளையை வரையக் கற்றுவிட்டார் என்றே சொல்ல வேண்டும். உடைந்த படகு ஒரு மூலையில். மறு மூலையில், சட்டத்துக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும் ஒரு கரடியின் பின்பக்கம்.

மக்கள் பார்த்துக்கொண்டே நகர்ந்தனர். பிள்ளைகள் திமிங்கிலத்தைச் சுற்றி நின்றனர். நம் பங்கின் மூத்த பாட்டி ஒருவர் மட்டும் எட்டாவது படத்தின் முன் நெடுநேரம் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மீண்டும் பார்த்தார்.

"ஏன் ராசா, இந்தக் கரடி முதுகைக் காட்டிக்கிட்டுப் போகுது?"

"அதுக்கு இங்கே வேலை இல்லை, பாட்டி" என்றார் இளைஞர்.

பாட்டி தலையசைத்துவிட்டு, ஏழாவது படத்துக்குத் திரும்பிப் போய், அந்தப் பெண்ணின் கையிலிருந்த கரண்டியைக் குனிந்து பார்க்கலானார்.